எழுத்தும் வலைப்பூவும் வீட்டுச் செலவும் ஒரே கொப்பியில்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி), கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய விரிதாளில் ஒரு கோப்பு, சுவரில் ஒரு நாட்காட்டி. திருகோணமலையில் மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டுக்கு, எழுத்து இலக்கு, வலைப்பூ, செலவு மூன்றையும் கவனிக்க இவ்வளவும் போதும். ஷீட்ஸில் மட்டும் ஆரம்பத்திலேயே சில இடங்களை இறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் கணக்கு சத்தமில்லாமல் பிழைக்கும்.

போனில் இறக்கும், பழக்கத்தைக் கணக்கு வைக்கும் ஆப்கள் இங்கே நீண்ட நாள் தாங்குவதில்லை. அவை எண்ணுவது தொடர் நாட்களை. வாடை மாதங்களில் ஒரு இரவு கரண்ட் போனால், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், 40 நாள் தொடர் பூச்சியமாகிவிடும். பூச்சியத்தைப் பார்த்தவர் அந்த ஆப்பை மறுபடி திறப்பது அபூர்வம். அதனால் நாளை விட்டுவிட்டு கிழமையை அலகாக வையுங்கள்: கிழமைக்கு 5 நாள் எழுத்து, எந்த 5 நாள் என்ற கேள்வி இல்லை. எழுதிய நாளுக்கு நாட்காட்டியில் ஒரு புள்ளி. ஞாயிறு இரவு புள்ளிகளை எண்ணிக் கொப்பியில் போட்டால் அந்தக் கிழமை முடிந்தது.

கொப்பியில் இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் காசு. எழுத்துப் பக்கத்தில் ஒரு நாளுக்கு ஒரே வரி: "12 செவ்வாய், பு, 310 சொல், 45 நிமிடம்." 'பு' என்றால் புதிதாக எழுதியது, 'தி' திருத்தம், 'வெ' வெளியிட்டது. இந்த எழுத்துக் குறி இல்லாவிட்டால் முறையே குழம்பும். திருத்தும் நாளில் சொற்கள் கூடாது, குறையும். 1,200 சொல் கட்டுரை 900 ஆகியிருந்தால் அது நல்ல வேலை. சொல் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் 300 நட்டம் போலத் தெரியும். ஆகவே 'பு' நாளுக்குச் சொல் இலக்கு, 'தி' நாளுக்கு நிமிட இலக்கு.

ஆங்கிலக்காரர் சொல்லும் "தினம் 500 சொல்" என்பதை அப்படியே எடுக்க வேண்டாம். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொள்வதால் தமிழில் ஒரு சொல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லின் வேலையைச் செய்யும். "வீட்டிலிருந்து" ஒரு சொல்தான். 300 என்று வைத்தால் நியாயமான இலக்கு. இன்னொரு விஷயம், கணினி இடைவெளியைத்தான் எண்ணுகிறது. "எழுதிக் கொண்டிருந்தார்" என்றால் இரண்டு, சேர்த்து எழுதினால் ஒன்று. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அப்படியே எழுதுங்கள். எழுத்து எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். "திருகோணமலை" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஷீட்ஸ் பத்து என்று சொல்லும், ஏனெனில் யூனிகோடில் ஒவ்வொரு உயிர்மெய்க் குறியும் தனி இலக்கம்.

இனி வலது பக்கம். செலவை அன்றன்று கொப்பியில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷீட்ஸில் ஏற்றுவதே நிலைத்தது. காலையில் மீன்காரரிடம் வாங்கும் கும்பளாவுக்கோ சூடைக்கோ பில் கிடையாது. ஈரக் கையோடு போனைத் திறந்து பதிவதும் நடக்காது. பேனையால் ஒரு வரி போட்டுவிடலாம். ஷீட்ஸில் நான்கு நிரல்: திகதி, தலைப்பு, தொகை, யார்.

அங்கே முதலில் கெடுவது திகதி. கோப்பின் இட அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 05/04 என்று நாம் போடும் ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 25/04 என்றால் இருபத்தைந்தாம் மாதம் என ஒன்று இல்லாததால் அதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், மாதக் கூட்டலில் சேர்க்காது. சிவப்பாக எச்சரிக்கை எதுவும் வராது. ஏப்ரல் செலவு குறைந்துவிட்டதென்று வீடு சந்தோஷப்படும். கோப்பு அமைப்புகளில் இடத்தை யுனைட்டட் கிங்டம் என்று மாற்றுங்கள். ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவை தாமாகத் திருந்தா, கையால்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது நம்மூர்ப் பழக்கம்: 450/- என்று போடுவது. அந்தக் கோடு விழுந்தால் தொகை எண்ணாக இராது. முன்னால் "ரூ." போட்டாலும் அதே கதை. எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும். தொகை நிரலை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தாலே கள்ளன் பிடிபடுவான்.

மூன்றாவது தலைப்பு. "மீன்" என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி தப்பி விழுந்தாலும் தலைப்பு வாரியாகக் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் அதை வேறு தலைப்பாக எண்ணி விட்டுவிடும். "கொ" போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக் குறியோடும் சில இரண்டு குறியாகவும் பதிகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தலைப்பைத் தட்டச்சு செய்யவே விடாமல், தெரிவுப் பட்டியல் வைத்து அதிலிருந்து எடுக்கச் செய்தால் இரண்டு தொல்லையும் ஒரேயடியாகப் போகும். தலைப்புகள் 12க்கு மேல் வேண்டாம்.

கடைக் கொப்பிக் கடன்தான் அதிகம் ஏமாற்றுவது. மூலைக் கடையில் அரிசியும் பருப்பும் கொப்பிக்கு எடுத்து, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கொடுப்பவர்கள், எடுத்த அன்றும் ஒரு வரி, கொடுத்த அன்றும் ஒரு வரி போட்டுவிடுவார்கள். செலவு இரட்டிப்பாகும். எடுத்த அன்று செலவு. கொடுத்த அன்று "கைமாற்று" என்ற தலைப்பு, அது கூட்டலில் வராது. குலுக்குச் சீட்டுக்கும் இதே கண் வேண்டும். 12 பேர், மாதம் 10,000 என்று வையுங்கள். மூன்றாம் மாதம் உங்கள் பெயர் விழுந்து 120,000 கைக்கு வந்தால், நீங்கள் அதுவரை கட்டியது 30,000. மீதி 90,000 கடன். அதை வரவில் போட்டால் அந்த மாதம் பணக்கார மாதமாகத் தெரியும், பின்னால் வரும் ஒன்பது மாதமும் உதைக்கும்.

அரச சம்பளம் 25ஆம் திகதி அளவில் வரும் வீட்டில் மாதத்தை 1இல் தொடங்குவது பொருந்தாது. ஷீட்ஸில் ஒரு நிரல் கூட்டி, திகதியிலிருந்து 24 நாளைக் கழியுங்கள். மார்ச் 25, மார்ச் 1 ஆகும். ஏப்ரல் 24, மார்ச் 31 ஆகும். சம்பளத்துக்குச் சம்பளம் ஒரே மாதப் பெயரில் அடங்கிவிடும். ஏப்ரல் மட்டும் விலக்கு. புத்தாண்டுக்காகச் சம்பளம் முன்கூட்டி 10ஆம் திகதி அளவில் வந்தால், அடுத்ததுக்கு 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை மூன்று 15 நாள் பங்காகப் பிரித்து, மூன்றாவதைத் தொடாமல் வைப்பது நல்லது.

கரண்டுக்கு மாத இறுதி வரை பொறுக்காதீர்கள். 30 நாளில் 60 அலகு தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டணம் வேறு, கூடியது. அதாவது கிழமைக்கு 14 அலகு. ஞாயிறு மீற்றரைப் பார்த்து எழுதினால், இரண்டாம் கிழமையிலேயே 32 ஓடியது தெரியும். தண்ணீர் மோட்டரையும் அயன் பெட்டியையும் அடக்க இன்னும் நாள் இருக்கும்.

வலைப்பூவுக்குக் குறைவாகவே எழுத வேண்டும். மாதம் எத்தனை பதிவு வெளியானது, எத்தனை வரைவு கைவசம் உண்டு, தேடலிலிருந்து எத்தனை சொடுக்கு, இவ்வளவும் போதும். இந்தச் சொடுக்குகளைக் காட்டும் கூகுள் சேர்ச் கொன்சோல் 16 மாதத் தரவைத்தான் காட்டும், ஆகவே மாதம் ஒருமுறை எண்ணைக் கொப்பியில் இறக்கிவிடுங்கள். பிளாகரில் சொந்தப் பார்வைகளை எண்ணாதே என்ற தெரிவைப் போட்டுவிடுங்கள். புதிய வலைப்பூவின் பாதிப் "வாசகர்" நாமேதான். வலைப்பூவில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் அட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. ஆனால் 100 டொலர் சேராமல் காசு அனுப்பாது. திரையில் தெரியும் 37 டொலரை வரவுப் பக்கத்தில் எழுதக் கூடாது, வங்கிக்கு வந்த அன்றே எழுத வேண்டும். வலைப்பூவுக்காகப் போடும் டேட்டா ரீலோட்டையும் டொமைன் புதுப்பிப்பையும் மட்டும் "எழுத்து" என்ற தனித் தலைப்பில் வையுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் சந்திக்கும் ஒரே இடம் அது.

கொப்பியில் ஒரு குறை உண்டு. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மார்கழி ஈரத்துக்குத் தாள் ஊறும், ஜெல் பேனை மை மறுபக்கம் இறங்கும். சாதாரண போல் பொயின்ட் பேனைதான் சரி. மாதம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஷீட்ஸ் இருக்கும் அதே ட்ரைவ் கோப்புறையில் போட்டுவிடலாம்.