மண்டி, உழவர் சந்தை, உற்பத்தியாளர் கம்பெனி: எங்கே விற்றால் நியாயம்?

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களில் பெரும்பாலோர் மண்டிக்குத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாற்று வாங்கவும் மருந்தடிக்கவும், ஏன், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும்கூட முன்பணம் கொடுப்பவர் மண்டிக்காரர்தான், எந்த நேரத்தில் லோடு வந்தாலும் இறக்கிக்கொள்வார், காசும் உடனே கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த முன்பணம்தான் கால்கட்டு. வாங்கிய பிறகு வேறு மண்டிக்குப் போக முடியாது. போன வருஷம் பெரியப்பா கொண்டுவந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். விலைக்குக் கீழே கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, கடைசியில் 'கழிவு' என்று ஒரு வரி. எல்லாம் போக மிஞ்சியது பறிகூலிக்குச் சரியாகப் போனது.

உழவர் சந்தையில் இந்தப் பிடித்தமெல்லாம் கிடையாது. 1999ல் தொடங்கிய நாளிலிருந்து கமிஷன் இல்லை, கடைக்கு வாடகை இல்லை, அன்றைய விலை காலையிலேயே போர்டில் இருக்கும். கீரை, அவரை, கத்தரி என்று தினம் பத்து இருபது கிலோ பறிக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஏக்கர் கணக்கில் தக்காளி போட்டவருக்கு இது ஒத்துவராது. ஒரே நாளில் வண்டி நிறைய வந்து நிற்கும் பழத்தைக் கிலோ கிலோவாக எப்போது விற்று முடிப்பது?

உற்பத்தியாளர் கம்பெனி, அதாவது விவசாயிகளே பங்கு போட்டுச் சேர்ந்து விற்கிற கம்பெனி என்றதும் பலர் தயங்குகிறார்கள், ஆனால் பத்து விவசாயிகள் சேர்ந்தாலே சட்டப்படி பதிவு செய்யலாம். கிருஷ்ணகிரி மாங்காய்க்கு எனக்குத் தெரிந்து இதுதான் வழி. பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைக்கே போவதால் விலையை ஆலைதான் சொல்கிறது. 2025 சீசனில் விலை விழுந்தபோது, தனியாளாக டிராக்டரோடு கேட்டில் நின்றவரால் எதையும் கேட்க முடியவில்லை. சேர்ந்து போனால் பேசலாம். ஆனால் சரக்கு எடுத்த உற்பத்தியாளர் கம்பெனி மூன்று வாரம் கழித்துப் பணம் தந்தால், அடுத்த வருஷம் அந்த விவசாயி மறுபடியும் மண்டியில்தான் நிற்பார்.

ராகிக்கு மட்டும் கதை வேறு. அரசு நேரடியாகக் கொள்முதல் செய்கிறது, 2025-26க்குக் குவிண்டாலுக்கு ஆதரவு விலை 4886 ரூபாய். தருமபுரி மாவட்டத்தில் 2023லிருந்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம். பென்னாகரத்து மேட்டு நிலத்தில் விளைந்தது இதே மாவட்டத்தில் களியாகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். குறை களத்தில் இருக்கிறது. கல்லும் தூசியும் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுகிறார்கள், பெண்கள் தார்ரோட்டில் காயப்போட்டு, வண்டி ஏறின ராகியைத்தானே பெருக்கி அள்ளுகிறார்கள். ஊருக்கு ஒரு பொதுக் களமும் சலிக்கிற மெஷினும் இருந்தால் போதும், அதை ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டுக்கொள்ள முடியும்.

ஆக, கீரைக்கு சந்தை, மாங்காய்க்கு கம்பெனி, ராகிக்கு கொள்முதல் நிலையம் என்பேன். தக்காளிக்கு மட்டும், எங்கே விற்பது என்பதற்கு முன்னால் முன்பணத்தை யாரிடம் வாங்குவது என்று பார்க்கணும். எங்கள் தெரு மகளிர் குழு இந்த வருஷம் நாற்றுக்குக் கடன் கொடுத்தது. பெரியப்பா பாலக்கோட்டில் விலை கேட்டார், ராயக்கோட்டை மண்டிக்குப் போன் போட்டார், அப்புறம் லோடை ராயக்கோட்டைக்குத் திருப்பச் சொன்னார்.