தொலைநோக்கியில் நிலவு: பௌர்ணமியா, வளர்பிறை அஷ்டமியா?

முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் பௌர்ணமிக்குத்தான் காத்திருப்பார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அன்று சூரிய ஒளி நிலவின் மேல் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் நிழலே இல்லை, எல்லாம் தட்டையாகத் தெரியும். கண்ணும் கூசும் (கெடுதல் இல்லை).

அஷ்டமியில் கதையே வேறு. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 90 பாகை. ஒரு திதி 12 பாகை என்பதால் அரை நிலவு அஷ்டமித் திதியின் நட்டநடுவில் அமையும். காலண்டரைப் பார்த்தே நாள் குறிக்கலாம். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல்கள் நீள்வதால் அப்பெனைன் மலைத்தொடரும் தாலமி, அல்ஃபோன்சஸ், அர்சாகெல் பள்ளங்களும் துலங்கும். அன்று சரியாகத் தெரியாவிட்டால் மறுநாள் பாருங்கள். கோடு தினமும் சுமார் 12 பாகை நகர்கிறது.

நேர வசதியும் அஷ்டமிக்கே. சூரியன் மறையும்போதே நிலவு உச்சிக்கு அருகில் இருக்கும், நள்ளிரவு வாக்கில் மறையும். பௌர்ணமி நிலவோ சூரியன் மறையும்போதுதான் கிழக்கே எழும். அடிவானக் காற்றில் பிம்பம் நடுங்கும்.

பௌர்ணமிக்கென்று ஒன்று உண்டு: டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெள்ளைக் கதிர்கள். அதற்கு 10x50 பைனாகுலரே (10 மடங்கு, 50 மி.மீ. முன்வில்லை) போதும்.

700 மி.மீ. குவியத்தூரத் (focal length) தொலைநோக்கியில் முதலில் 25 மி.மீ. கண்ணருகு வில்லை (700 ÷ 25 = 28 மடங்கு), பிறகு 10 மி.மீ. (70 மடங்கு). நேரே 10-ஐப் போட்டால் நிலவையே தேட வேண்டியிருக்கும்.