படுக்கையறைப் பூசணத்துக்கு ஈரப்பத நீக்கி: ஒரு மதிப்புரை

டிஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரப்பத நீக்கியின் அட்டைப்பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது, ஒரு நாளைக்கு அது இறக்கும் தண்ணீரின் அளவு. நாங்கள் வாங்கியதில் 20 லிட்டர் என்றிருந்தது. இத்தகைய அளவு பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சோதனை அறையில் கணக்கிடப்படுவது என்பதால், சாதாரணப் படுக்கையறையில் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்கக் கூடாது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த எண்ணை மட்டும் நம்பி அறைக்குச் சற்றும் போதாத சிறிய கருவியை வாங்கிவிடுவது எளிது.

எங்கள் கருவி கம்ப்ரசர் வகையைச் சேர்ந்தது. அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச்சுருளின் மேல் செலுத்துகிறது. அதில் படியும் நீர் தொட்டியில் சொட்ட, உலர்ந்த காற்று சற்றுச் சூடாக வெளியேறுகிறது. ஆகவே, கோடையில் அறை வெக்கையாகிவிடும் என்பதை விற்பவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. குளிர் மிகுந்த அறையில் சுருளில் உறைபனி படிந்து கருவியின் திறன் குறைவதால், அத்தகைய இடங்களுக்கு, குளிர்ந்த சுருளுக்குப் பதிலாக ஈரத்தை உறிஞ்சும் பொருளைக் கொண்ட உலர்த்துபொருள் வகைக் கருவியே பொருத்தம்.

கதவையும் சன்னல்களையும் மூடிவைத்து ஓட்டியபோது, எழுபதைத் தாண்டியிருந்த ஈரப்பதம் ஐம்பதையொட்டி இறங்கியது. அலமாரித் துணிகளில் இருந்த பூசண வாடை மறைந்தது. குளிர்ந்த வெளிச்சுவரில் புதிய கரும்புள்ளிகள் தோன்றவில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுக்குழாய்த் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி எடுத்துரைக்கிறது. எனினும், குழந்தையின் இருமல் தணிந்ததைக் கருவியின் கணக்கில் எழுத நான் தயாரில்லை; பருவமும் அதே வேளையில் மாறியிருந்தது. இளைப்பு உள்ள பிள்ளைக்கு இக்கருவி மருத்துவருக்கு மாற்றாகாது.

குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில்தான் கருவி தோற்றது. அறைக் காற்று உலர்ந்த பின்னும் அங்கே ஓதம் குறையாமல் சுண்ணாம்பு உப்பிக்கொண்டே இருந்தது. தொட்டியும் நாள்தோறும் நிரம்பியது. சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு இருந்ததைக் குழாய்ப் பணியாளர் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே தொட்டியில் சேரும் நீர் வெகுவாகக் குறைந்தது. என் பார்வையில் இக்கருவியின் மிகப் பெரிய பயன் இந்தத் துப்புதான்: நன்றாக மூடிய அறையில், துணி உலர்த்துவது போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் தொட்டி ஓயாமல் நிரம்பினால், கூரையையோ குழாயையோ அடித்தளத்தையோ ஐயுற வேண்டும்.

குறைகளில் முதன்மையானது இரைச்சல். தூக்கம் லேசானவர்கள் பகலில் மட்டுமே ஓட்ட முடியும். தொட்டி நிரம்பியதும் கருவி தானாக நின்றுவிடுகிறது, ஆகவே வடிகுழாய் பொருத்தும் வசதி உள்ளதையே வாங்குங்கள். கருவியின் திரை காட்டும் எண் தனி ஈரப்பதமானியோடு ஒத்துப்போகவில்லை என்பதால், சிறிய மானி ஒன்றைக் கருவியிலிருந்து தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது. வடிகட்டியைத் தவறாமல் கழுவ வேண்டும். கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈர உறிஞ்சிப் பெட்டிகளோ மூடிய அலமாரிக்கு உதவலாம், ஓர் அறைக்குப் போதவே போதா.

ஏற்கெனவே படர்ந்த பூசணத்தை எந்த ஈரப்பத நீக்கியும் அகற்றாது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பதால், முகக்கவசமும் கையுறையும் அணிந்து சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, முழுவதும் உலரவிட வேண்டும். அதன் மேலேயே வண்ணம் பூசி மறைத்தால் பூச்சு உரிந்து பூசணம் மீண்டும் தலைகாட்டும். காற்றோட்டத்துக்கு வழியில்லாத அறையும், கசிவில்லை என்று உறுதிசெய்யப்பட்ட சுவர்களும் இருந்தால் இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சன்னலைத் திறந்துவைக்கவும் குளியலறையில் வெளியேற்று விசிறி பொருத்தவும் முடிகிறவர்கள், வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும் பருவங்களில், முதலில் அவற்றைச் செய்துபார்க்கலாம்.