வேரே இல்லாத பச்சைச் சுவர்: 102,000 ரூபாய் போன விதம்

கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாக வந்து "வேலியிலே பச்சைச் சுவர் செய்து தாறம்" என்று கேட்கிறார்கள். செடிப் பைகளை வரிசையாக அடுக்கி வேலியை மூடுவதுதான் அது. முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வளவு பரந்தனில், ஒழுங்கைக் கரையில். மேற்கு வேலி 40 அடி நீளம். முள்ளுக்கம்பியும் பழைய தகரமுமாக, பார்க்க வடிவில்லாமல் கிடந்தது. மே மாதம் வந்தவர் கைபேசியில் கொழும்பு ஹோட்டல் சுவர்களின் படங்களைக் காட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரும்புச் சட்டத்துக்கு 30,000. அதில் நான்கு வரிசையாகத் துணிப் பைகள், 160 பை, ஒன்று 450 ரூபாய். பன்னம், மணிபிளான்ட், கோலியஸ் என்று கலந்து வைத்தார்கள்.

"பின்னேர வெயில் நேரே அடிக்குமே தம்பி?" என்று கேட்டேன்.

"இது எந்த வெயிலுக்கும் நிக்கும் அக்கா. மூண்டு மாசத்துக்குள்ள பட்டால் மாத்தித் தருவம்."

பன்னம் கிணற்றுக்கட்டின் ஈர நிழலில் முளைக்கிற சாதி என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

இரண்டு கிழமை பச்சையாக நின்றது. அப்புறம் சோளகக் காற்று தொடங்கியது. வன்னியில் அந்தக் காற்றுக்கு முன் ஈரம் எங்கே நிற்கும்? காலையில் நனைத்த பை மத்தியானத்துக்குள் சருகுபோலக் காய்ந்தது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு துணியில் வெள்ளையாகப் படிந்தது. முதலில் பன்னம் கருகியது, பிறகு கோலியஸ்.

ஒரு கோலியஸைப் பிடுங்கிப் பார்த்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, குச்சி மாதிரி கையோடு வந்தது. அடியில் கத்தியால் சரிவாக வெட்டிய தடம் அப்படியே இருந்தது. ஒரு நார் வேர்கூட இல்லை. தும்புத்தூளில் குத்திவைத்த வெறும் தண்டு! இருந்த ஆத்திரத்தில் 160 பையையும் கிளறினேன். 58 பைகளில் இதே கதை. மீதியில் பல, கறுப்பு நாற்றுப் பையைக் கழற்றாமல் அதோடேயே செருகப்பட்டிருந்தன. வேர்கள் அந்தப் பைக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தன.

தொலைபேசியில் அழைத்தேன். முதல் தடவை, "தண்ணி கூட விட்டிட்டியள் அக்கா." இரண்டாவது தடவை, "தண்ணி காணாது." அதன் பிறகு ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை கட்டாயம் வாறன்." இதுதான் பெரிய விளையாட்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் அந்தச் சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரித்தபோது ஓகஸ்ட் முடிந்து, அந்தத் தவணையும் கடந்துவிட்டது. கையிலிருந்த துண்டிலும் "செடி 160" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்தச் செடி, என்ன உத்தரவாதம், ஒன்றும் இல்லை.

இன்னொன்று. வேலியின் இரண்டு மூலையிலும் "அழகுக்கு" மஞ்சள் அலரி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் ஆடும் திரிகிற வளவில் அலரி விதை என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே கிண்டி எடுத்தேன்.

ஆகவே செடி வாங்குகிறவர்கள் தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து எழும்ப வேண்டும். செடி இதுவரை எங்கே நின்றது என்று கேளுங்கள். நிழல்வலைக்குள் வளர்ந்ததைக் கொண்டுவந்து நேரே மேற்கு வெயிலில் விட்டால் எதுவும் கருகும். செடியின் பெயரும் உத்தரவாதமும் பற்றுச்சீட்டில் ஏறாமல் காசு கொடுக்காதீர்கள். பாதிக் காசை ஒரு மாதம் பிடித்துவையுங்கள். மறுத்தால் அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து வளவு ஐயா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, நிலத்திலே வேர் ஓடாமல் இஞ்ச எது நிக்கும்? ஐப்பசி மழை விழட்டும்" என்றார். மழை தொடங்கியதும் அவரே கிளுவைக் கதியாலும் பூவரசங் கதியாலும் வெட்டித் தந்தார். ஊன்றினோம். இடையிடையே ஆடாதோடை வைத்தோம், ஆடு வாய் வைக்காது. இரும்புச் சட்டத்தை மட்டும் கழற்றவில்லை. அதன் அடியில் முசுட்டையும் குறிஞ்சாவும் நட்டோம். ஒரு பக்கம் சங்குப்பூ. முசுட்டை இப்போது இரண்டாவது வரிசைக் கம்பியைப் பிடித்துவிட்டது. போன ஞாயிறு அதில் ஒரு பிடி ஆய்ந்து அம்மா வறை செய்தார்.

அன்று பின்னேரம் அந்தப் பழைய இலக்கத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: பண்டிகைக் கழிவாம், பச்சைச் சுவர் ஒரு பை 400 ரூபாயாம்.