புக்கெட்டில் ஊர் சுற்ற வாடகை ஸ்கூட்டரா, ஆப் டாக்சியா?

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஆசியாவிலேயே சாலை மரணங்கள் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று தாய்லாந்து. இறப்பவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதனால் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

செலவு
ஸ்கூட்டர்: நாளுக்குச் சுமார் 200-300 பாட் (தாய்லாந்து பணம்), பெட்ரோல் தனி.
டாக்சி: கிராப், போல்ட் ஆப்களில் ஏறும் முன்பே கட்டணம் தெரியும். நாலு இடம் போனால் கையைக் கடிக்கும்.

உரிமம், காப்பீடு
ஸ்கூட்டர்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவு மட்டும் இருந்து விபத்து நடந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். மருத்துவமனைச் செலவு முழுக்க உங்கள் தலையில். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடை வேண்டவே வேண்டாம்.
டாக்சி: இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சீட் பெல்ட் போட்டால் போதும்.

சாலை
நம்மூர் போல இடதுபக்கம்தான். ஆனால் புக்கெட்டின் பாதோங் கடற்கரைக்குப் போகும் மலைச் சாலை செங்குத்து, வளைவும் அதிகம். மே முதல் அக்டோபர் வரை மழை வேறு.

ஊரில் தினமும் பைக் ஓட்டுபவர், சரியான அனுமதியோடு, பகலில், தனியாகச் சுற்றுவதானால் ஸ்கூட்டர் சரி. குழந்தைகளோடு போனாலோ, இரவில் திரும்புவதானாலோ டாக்சிதான். அவசரமென்றால் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலா போலீஸ் 1155.