கடனில் பிரிட்டிஷ் பங்குகள்: மார்ஜின் கணக்கா, சி.எஃப்.டி.யா?

லண்டன் பங்குச் சந்தையின் பங்குகளைக் கடன் பலத்தில் வாங்க நினைக்கும் பிரிட்டன்வாழ் சிறு முதலீட்டாளருக்கு, தரகரிடம் கடன் பெற்றுப் பங்கையே வாங்கும் மார்ஜின் கடன், பங்கை வாங்காமல் விலை வேறுபாட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் போடும் சி.எஃப்.டி., விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் ஸ்ப்ரெட் பெட்டிங் என மூன்று வழிகள் உண்டு. ஐசா எனும் வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

மார்ஜின் கடனில் பங்கு தரகரிடம் ஈடாக இருந்தாலும் உரிமை நம்முடையதே. அதனால் வாங்கும்போது 0.5 விழுக்காடு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். லண்டன் சந்தையில் வளரும் சிறு நிறுவனங்களுக்கான பிரிவான ஏ.ஐ.எம்.மின் பங்குகள் 2014 முதல் விலக்குப் பெற்றிருப்பதால், அவற்றுக்குப் பெரும்பாலும் அது இல்லை. சி.எஃப்.டி.யில் நம் கையில் இருப்பது விலை மாற்றத்தின் மீதான ஒப்பந்தம் மட்டுமே என்பதால் தீர்வை கிடையாது. பலரும் இந்த விலக்கைப் பார்த்தே அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது.

10,000 பவுண்டு மதிப்புள்ள பங்கை, பாதிப் பணம் கடனாக, ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் வாங்குவதாகக் கொள்வோம். தீர்வை 50 பவுண்டு, ஆண்டு வட்டி 300 பவுண்டு. சி.எஃப்.டி.யில் 2,000 பவுண்டு கட்டினால் போதும் என்றாலும், இரவுதோறும் வட்டி முழு 10,000 பவுண்டுக்கும் ஏறுவதால், அதே விகிதத்தில் ஆண்டுக்கு 600 பவுண்டு ஆகிறது. தீர்வையில் மிச்சமான 50 பவுண்டு இரண்டே மாதத்தில் கரைந்துவிடும். எனவே சில நாள் வைத்திருப்பவருக்குச் சி.எஃப்.டி. மலிவு, ஈவுத்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு மார்ஜின் கடனே சரி என்பது என் கருத்து.

இடரில் நிலைமை வேறு. பிரிட்டனின் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ. 2019இல் நிலைப்படுத்திய விதிகளின்படி, சி.எஃப்.டி.யில் தனிப் பங்குக்குக் குறைந்தது 20 விழுக்காடு முன்பணம் வேண்டும். இருப்பு தேவையான முன்பணத்தில் பாதிக்குக் கீழே போனால் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். குறைந்தபட்சம் மட்டுமே கட்டியவர் பத்துப் பதினொரு விழுக்காடு சரிவிலேயே வெளியேற்றப்படுவார். பிரெக்ஸிட் முடிவு வெளியான 2016 ஜூன் 24 அன்று லாயிட்ஸ் வங்கிப் பங்கு சுமார் 20 விழுக்காடு விழுந்தது. அத்தகைய நாளிலும் பாதிக் கடனில் வாங்கியவருக்குத் தன் 5,000 பவுண்டில் 3,000 பவுண்டு மிஞ்சும். ஆனால் சி.எஃப்.டி.யில் இழப்பு கணக்கிலுள்ள பணத்தைத் தாண்டாது என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு. மார்ஜின் கடனுக்கு அந்த அரண் இல்லை.

ஸ்ப்ரெட் பெட்டிங் செலவிலும் இடரிலும் ஏறக்குறைய சி.எஃப்.டி.யைப் போன்றதே. அதன் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது பெரிய ஈர்ப்பு. ஆனால் ஆண்டுக்கு 3,000 பவுண்டு ஆதாயம் எப்படியும் வரிவிலக்குப் பெறுவதால், சிறிய கணக்குக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் பயன்படுவதில்லை. நட்டம் வந்தாலோ, சி.எஃப்.டி.யில் போல அதை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.