ஜேசன்-எல்டி, மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ: உங்கள் தளத்துக்கு எது?

காபித்தூள் விற்கும் ஒரு தளத்தில் "அரைக் கிலோ, 420 ரூபாய், இருப்பு உண்டு" என்று எழுதியிருந்தால் வாங்க வந்தவருக்கு அது போதும். தேடுபொறியோ அந்த 420 விலையா, எடையா, பொருளின் எண்ணா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் குறைக்கத்தான் கட்டமைப்புத் தரவு, அதாவது எது விலை, எது எடை என்று பெயரிட்டுத் தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. இதற்கான பொதுச் சொற்களை ஸ்கீமா.ஆர்க் என்ற பெயரில் 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. அதே ஆண்டில் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. பொருள், விலை, சமையல் குறிப்பு, நிகழ்ச்சி என எல்லாவற்றுக்கும் அங்கே பெயர் உண்டு. அந்தப் பெயர்களைப் பக்கத்தில் எந்த வடிவில் எழுதுவது என்பதில்தான் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இதைச் சேர்த்தால் தேடலில் முதலிடம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். விலை, நட்சத்திரம், படம் போன்றவை தேடல் முடிவில் கூடுதலாகத் தெரியும் தகுதி மட்டுமே கிடைக்கும். காட்டுவதாகக் கூகுள் உறுதியும் தருவதில்லை. ஆனாலும் பத்து நீல இணைப்புகளுக்கு நடுவே விலையும் இருப்பும் தெரிகிற ஒரு இணைப்பு கண்ணில் படும். உழைப்புக்கு அது தகும் என்பதே என் கருத்து.

மைக்ரோடேட்டா, பக்கத்தை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் குறிகளுக்குள்ளேயே உட்காரும். பொருளைச் சுற்றியுள்ள குறியில் ஐட்டம்ஸ்கோப், ஐட்டம்டைப், விலையைச் சுற்றியுள்ள குறியில் ஐட்டம்ப்ராப் என்ற பண்புகளைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்தது, வாசகர் பார்க்கும் எழுத்தே தரவாகவும் இருப்பது. விலையை 440 என்று மாற்றினால் ஒரே இடத்தில் இரண்டும் மாறிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வடிவமைப்பாளர் அழகுக்காக விலைக் கட்டத்தைப் பொருளைச் சுற்றியுள்ள குறிக்கு வெளியே நகர்த்தினால், அந்த விலை எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாமல் நின்றுவிடும். பக்கம் பார்க்க நன்றாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அடிக்கடி தோற்றம் மாறும் தளத்தில் இது பெரிய தலைவலி.

ஆர்டிஎஃப்ஏ இவற்றில் மூத்தது. 2008-இல் வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது. இதுவும் ஹெச்டிஎம்எல் குறிகளுக்குள்ளேயே எழுதப்படுவது. எளிய வடிவமான ஆர்டிஎஃப்ஏ லைட் 2012-இல் வந்தது. ஸ்கீமா.ஆர்க் போன்ற பல சொல்தொகுப்புகளை ஒரே பக்கத்தில் கலந்து எழுத வேண்டிய நூலகங்களுக்கும் அரசுத் தரவுத் தளங்களுக்கும் இது நல்ல துணை. தளம் அமைக்கும் மென்பொருளான ட்ரூபல் 7 இதை உள்ளிணைத்தே வந்தது. இணைப்பைப் பகிரும்போது தலைப்பும் படமும் காட்ட உதவும் பேஸ்புக்கின் ஓபன் கிராஃப் குறிகளும் இதன் அடிப்படையில் பிறந்தவைதான். கடையோ சமையல் தளமோ புதிதாகத் தொடங்குகிறவர் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஜேசன்-எல்டி 2014-இல் டபிள்யூ3சி தரமானது. கூகுள் பரிந்துரைப்பதும் இதையே. எல்லாத் தரவும் ஒரு தனி ஸ்கிரிப்ட் துண்டில் இருக்கும், தோற்றத்தை எப்படி மாற்றினாலும் அது அசையாது. யோஸ்ட், வூகாமர்ஸ் போன்ற வேர்ட்பிரஸ் பிளகின்கள் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) இந்த வடிவத்தைத் தாமே எழுதித் தருகின்றன. ஆனால் இதன் பலமே இதன் ஆபத்தும். துண்டு தனியாக இருப்பதால் மறந்துபோகும். பக்கத்தில் 440, ஸ்கிரிப்டில் பழைய 420 என்று மாதக்கணக்கில் கிடக்கும். வாசகர் கண்ணுக்குத் தெரியாததைத் தரவில் சொல்லக் கூடாது என்பது கூகுளின் விதி. தவறாக வழிநடத்தும் தரவு என்று முடிவு செய்து நடவடிக்கை எடுத்தால், தேடலில் இடம் குறையாது, கூடுதல் காட்சிக்கான தகுதி போய்விடும். அப்புறம் இலக்கணம்: ஒரு காற்புள்ளி கூடினாலோ, நேர் மேற்கோளுக்குப் பதில் வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் வந்தாலோ மொத்தத் துண்டும் செல்லாது. ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பிறகு சேர்த்தாலும் கூகுள் படிக்கும். ஆனால் விலை, இருப்பு போன்று விரைவாக மாறுபவற்றுக்கு அது அவ்வளவு நம்பகமில்லை என்று கூகுளே எச்சரிக்கிறது. பொருள் பக்கங்களில் சர்வரே எழுதித் தருவது நல்லது.

மூன்றில் எதை எடுத்தாலும் தமிழ்த் தளக்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விலைக்கான மதிப்பில் ரூபாய்க் குறியோ "1,299" என்று நடுவே காற்புள்ளியோ வேண்டாம், 1299 போதும். ஐஎன்ஆர் என்ற நாணயக் குறியீட்டைத் தனிப் பண்பில் தர வேண்டும். தமிழ் எண்களையும் அங்கே தவிர்க்க வேண்டும். பொருளின் பெயரும் விவரமும் தமிழிலேயே இருக்கலாம். பக்கம் தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கமான யூடிஎஃப்-8-இல் இருந்தால் ஒரு தடையும் இல்லை.

ஆகவே என் தேர்வு ஜேசன்-எல்டி, ஒரு நிபந்தனையோடு: பக்கத்தில் தெரியும் விலையும் ஸ்கிரிப்டில் இருக்கும் விலையும் ஒரே தரவுத்தளப் புலத்திலிருந்து வர வேண்டும். கையால் இரண்டு இடத்தில் எழுதும் சிறிய தளமென்றால், மைக்ரோடேட்டாவே பாதுகாப்பு என்று தயங்காமல் சொல்வேன். ஏற்கெனவே மைக்ரோடேட்டா சரியாக இயங்கும் தளத்தை நாகரிகத்துக்காக மாற்றவும் தேவையில்லை. தளத்தின் பழைய தோற்ற வார்ப்புருவில் (தீம்) மைக்ரோடேட்டா இருக்க, புதிய பிளகின் ஜேசன்-எல்டியைச் சேர்ப்பதுதான் மோசம். ஒரே பொருள் இரண்டு விலையோடு தெரியும், ஒன்றை நீக்கியே ஆக வேண்டும்.

எந்த வகைக்கு உழைப்பது என்பதையும் யோசியுங்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான கூடுதல் காட்சியை 2023 ஆகஸ்டில் கூகுள் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கிவிட்டது. ஒன்றைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்று காட்டும் செய்முறைக் காட்சி அடுத்த மாதமே போய்விட்டது. தன் நிறுவனத்துக்குத் தானே தன் தளத்தில் போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்கள் 2019-லிருந்து எடுபடுவதில்லை. பொருள், சமையல் குறிப்பு, நிகழ்ச்சி ஆகியவற்றில் நேரம் செலவிடலாம்.

சோதிக்க இரண்டு கருவிகள் உண்டு. ஸ்கீமா.ஆர்க்கின் சரிபார்ப்பான் இலக்கணத்தையும் சொற்களையும் பார்க்கும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனை, கூகுள் எதைக் காட்டத் தயாராக இருக்கிறது என்று சொல்லும். முதலாவதில் தேறியது இரண்டாவதில் தேறாமல் போகலாம், ஆகவே இரண்டிலும் போட்டுப் பாருங்கள். வெளியிட்ட பிறகு, தளக்காரர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் பிழைகளைத் தொடர்ந்து கவனியுங்கள்.